பெட்டி நிறைய பழைய கார்டு, என்ன பெறும்?

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரர் படம் அச்சிட்ட சின்ன அட்டை) வாங்குவது பற்றிப் போன மாதம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதைத் தொட்டு வந்த கடிதங்களே இந்த மாதப் பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டன.

கேள்வி: பக்கத்துத் தெரு கராஜ் சேலில் மூவாயிரம் கார்டுகள் உள்ள பெட்டியை 600 டாலருக்கு வாங்கினேன். எல்லாம் 1988 முதல் 1991 வரை வந்தவை. முப்பது வருஷத்துக்கு மேல் பழசு, பத்து மடங்கு போகும் என்று விற்றவர் சொன்னார். எங்கே விற்கலாம்? (டெக்சாஸ் வாசகர்)

பதில்: போட்ட பணத்தில் ஐம்பது டாலர் திரும்பினாலே பெரிது. வாங்கும் முன் பத்து நிமிஷம் விசாரித்திருந்தால் இது தெரிந்திருக்கும். விற்கிறவரிடமே விலை கேட்டு அதை நம்புவது என்ன பழக்கம்?

எண்பதுகளின் கடைசியில், பழைய கார்டுகள் பெரிய விலைக்குப் போவதைப் பார்த்து ஊரே புதுக் கார்டுகளை வாங்கி அடுக்கியது. கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. யாரும் எதையும் தூக்கிப் போடவில்லை. 1950-களின் கார்டு பட்ட பாடு வேறு. பையன்கள் அதைச் சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகிப் படபடவென்று ஓட்டினார்கள். ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டினார்கள். பிள்ளை காலேஜுக்குப் போனதும் அம்மா மொத்தத்தையும் வாரிக் குப்பையில் கொட்டினாள். இதையெல்லாம் தாண்டிப் பிழைத்த கொஞ்சத்துக்குத்தான் இன்று விலை.

1992-ல் நானும் ஒரு முழு செட்டை, சீல் உடைக்காமல், வாங்கி வைத்தேன். இன்றுவரை கொடுத்த விலைக்கு வரவில்லை. உங்கள் பெட்டியில் 1989-ல் அப்பர் டெக் கம்பெனி போட்ட முதல் எண் கார்டு, கென் கிரிஃபி ஜூனியர், இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் ஏராளமாகக் கிடைப்பதுதான். ஆனாலும் மூலை மழுங்காமல் இருந்தால் கேட்க ஆள் உண்டு.

கேள்வி: ஹோனஸ் வாக்னர் கார்டு ஒன்று 72 லட்சம் டாலருக்குப் போனதாம். ஒரு அட்டைத் துண்டில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளில் வைத்துக் கொடுத்த வரிசை அது. 500-க்கும் மேற்பட்ட கார்டுகள் கொண்டது. சேகரிப்பவர்கள் டி206 என்பார்கள். ஜெஃபர்சன் பர்டிக் தயாரித்த பட்டியலில் புகையிலைக் கார்டுக்கு 'டி' என்ற எழுத்து, அதிலிருந்து வந்த பெயர். கார்டு சின்னதுதான், ஒன்றரை அங்குல அகலம்கூட இல்லை. பிட்ஸ்பர்க் அணியின் வாக்னர் படத்தை மட்டும் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். தன் படத்துக்காகச் சிறுவர்கள் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு கதை. பணத் தகராறு என்பது இன்னொன்று. எப்படியோ, இன்று இருப்பவை சுமார் 60.

அரிதாக இருந்தால் மட்டும் போதாது. இதே வரிசையில் ஜோ டாயில் என்ற பந்து வீச்சாளரின் ஒரு கார்டில் அவர் அப்போது ஆடாத லீகின் பெயரைத் தவறாக அச்சிட்டுவிட்டார்கள். அந்தப் பிழைக் கார்டு வாக்னரைவிட மிக மிக அரிது. ஆனாலும் 72 லட்சத்தை அது நெருங்கியதே இல்லை. டாயிலை யாருக்குத் தெரியும்? வாக்னரோ, 1936-ல் பேஸ்பாலின் பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேரில் ஒருவர். இருப்பது அறுபது, கேட்பது ஊரெல்லாம்.

கேள்வி: மாமனார் கொடுத்த 1950-களின் கார்டுகளைப் பாதுகாப்புக்காக லேமினேட் செய்துவிட்டேன். விலை குறையுமா?

பதில்: போயே போய்விட்டது. மீதியைத் தொடாதீர்கள்.

கேள்வி: 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில், அவருடைய முதல் கார்டு என்பதால்தானே 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விற்றது?

பதில்: இல்லை. அவருடைய முதல் கார்டு 1951-ல் பௌமன் கம்பெனி போட்டது. டாப்ஸ் கம்பெனியின் 1952 வரிசையில் மேன்டில் 311-வது எண். அந்த எண்ணில் தொடங்கும் கடைசித் தொகுதி கடைக்கு வரும்போது பேஸ்பால் சீசன் முடிகிற நேரம், கடைக்காரர்கள் வாங்கவில்லை. கிடங்கில் தேங்கிய பெட்டிகளை 1960-ல் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லான்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கரே பிற்பாடு சொன்னார். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்தத் தொகுதிக்குள் மேன்டில் படம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அச்சானது. அப்படியும் அவருக்குத்தான் விலை. 2022-ல் 1 கோடியே 26 லட்சத்துக்குப் போன கார்டு, கார்டின் நிலையைப் பார்த்து மார்க் போடும் கம்பெனியிடம் 10-க்கு 9.5 கிரேடு வாங்கியது. அதே மேன்டில் மூலை மடங்கி, நடுவில் கோடு விழுந்து இருந்தால் அந்த விலையில் மிகச் சிறிய பங்குதான் வரும்.

கேள்வி: 1933 கௌடி வரிசையில் 106-ஆம் எண் மட்டும் எங்குமே இல்லையே?

பதில்: கௌடி, பாக்கெட்டில் கார்டு வைத்து விற்ற சூயிங் கம் கம்பெனி. 1933-ல் அந்த எண்ணை அவர்கள் அச்சிடவே இல்லை. இல்லாத கார்டைத் தேடிப் பிள்ளைகள் சூயிங் கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். புகார் எழுதியவர்களுக்கு மட்டும் 1934-ல் நேப் லாஜுவே படம் போட்ட 106-ஐத் தபாலில் அனுப்பினார்கள். பல கார்டுகளில் கடிதத்தோடு சேர்த்துக் குத்திய கிளிப்பின் தடம் இன்றும் தெரியும். ஏமாற்றியது கம்பெனி, வாங்கிக் காட்டியது புகார் எழுதியவர்கள். இந்தப் பகுதியை எழுதுகிற எனக்கு அந்த கிளிப் தடத்தின் மேல் தனி மரியாதை உண்டு.

கேள்வி: ஒரு கார்டு ஷோவில் 1950-களின் கார்டு ஒன்றை 900 டாலர் கொடுத்து வாங்கினேன். மூலைகள் கத்தி மாதிரி இருந்தன. கிரேடுக்கு அனுப்பினால் 'ஓரம் வெட்டப்பட்டது' என்று கிரேடு போடாமல் திருப்பிவிட்டார்கள். விற்றவர் கையை விரிக்கிறார். என் அறியாமைதானா? (நியூஜெர்சி வாசகி)

பதில்: இல்லை அம்மா, தப்பு உங்களுடையது இல்லை. மழுங்கிய ஓரத்தைச் சீவி எடுத்து, புத்தம்புது மூலை மாதிரி காட்டி விற்பது மோசடி. எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய கேடு இல்லை.

உலகத்திலேயே பேர்பெற்ற வாக்னர் கார்டுக்கே இது நடந்தது. 1991-ல் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு வாங்கிய கார்டு. பி.எஸ்.ஏ. கம்பெனி முதன்முதலில் கிரேடு செய்ததும் அதைத்தான், 10-க்கு 8 போட்டார்கள். அதை முன்பு விற்ற பில் மாஸ்ட்ரோ, ஓரத்தை வெட்டியது தான்தான் என்று 2013-ல் ஒப்புக்கொண்டார். கிரேடு போடுகிறவர்கள் கண்ணிலேயே மண்ணைத் தூவியிருக்கிறார்கள். ஷோவில் மங்கலான விளக்கில் வாங்கிய நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

நானும் ஏமாந்தவன். 2006-ல் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த ஷோவில் 1956 டாப்ஸ் ராபர்ட்டோ கிளெமென்டேவை 400 டாலருக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதே வருஷத்து இரண்டு டாலர் கார்டு ஒன்றோடு சேர்த்து மேசையில் நிமிர்த்தித் தட்டினேன். கிளெமென்டே ஒரு மயிரிழை குட்டை. லென்ஸில் பார்த்தால் மூன்று ஓரம் மங்கிப் பழுத்திருந்தது, நாலாவது ஓரம் மட்டும் நேற்று நறுக்கியது போல வெள்ளை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இப்போது ஷோவுக்குப் போனால் அந்த வருஷத்துச் சாதாரணக் கார்டு ஒன்று சட்டைப் பையில் இருக்கும், கூடவே ஒரு லென்ஸும். அக்கால ஆலைகளில் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆகவே அளவை மட்டும் நம்பாமல் ஓரத்தின் நிறத்தையும் பாருங்கள்.

கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால், கிரேடு கம்பெனியின் குறிப்பை இணைத்து வங்கியில் உடனே புகார் கொடுங்கள். ஷோ நடத்தியவருக்கும் எழுதுங்கள். மற்றவர்களுக்கு ஒன்று: பேபாலில் 'ஃபிரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி' வழியாக அனுப்புங்கள் என்று அறிமுகமில்லாத ஆள் கேட்டால் அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடுங்கள். அந்த வழியில் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

கேள்வி: 1952 மேன்டில் 45 டாலருக்கு வாங்கினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் ரீபிரிண்ட் என்று இருக்கிறது. திருப்ப முடியுமா?

பதில்: அதில் எழுதியே இருக்கிறதே! விளம்பரத்தில் அசல் என்று சொல்லியிருந்தால் மட்டும் கேளுங்கள். டாப்ஸே 1983-ல் வெளியிட்ட ரீபிரிண்ட் அளவிலும் சிறியது. அசல் 3¾ அங்குல உயரம், அது 3½.

கேள்வி: அங்கிள், எனக்கு 12 வயசு. 40 டாலர் சேர்த்து வைத்திருக்கிறேன். நிஜமான பழைய கார்டு ஒன்று வேண்டும். விலை ஏறுமா?

பதில்: ஏறும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனால் நிஜமான பழைய கார்டு உனக்குக் கிடைக்கும். பெரிய பேர் இல்லாத ஆட்டக்காரரின் 1950-கள் கார்டு, மூலை உருண்டது, சில டாலர்தான். அப்பாவோடு ஷோவுக்குப் போ. விலை உயர்ந்ததெல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும், நீ மேசை ஓரத்தில் இருக்கும் அட்டைப் பெட்டிகளைப் புரட்டு.

என்னிடம் ஆறு டாலருக்கு வாங்கிய 1954 கார்டு ஒன்று இருக்கிறது. அந்த ஆட்டக்காரர் வேறு அணிக்கு மாறியதும், அதை வைத்திருந்த பையன் பழைய அணியின் பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டுப் புதிய பெயரைக் கோணல்மாணலாக எழுதியிருக்கிறான். கிரேடு போடுகிறவர்கள் அதற்கு மார்க் குறைப்பார்கள். ரப்பர் வைத்து அழித்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் அழிக்கவில்லை. அந்தப் பையனுக்கும் அப்போது உன் வயசுதான் இருந்திருக்கும்.