மரத்தடி பதில்கள்: பாஸ்டனில் தனியாக ஒரு நடை

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக பாஸ்டன் போகிறேன் ஐயா. அக்டோபர் கடைசி வரை அங்கேதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மரத் தோட்டம் ஒன்று அங்கே இருக்கிறதாம். கூட்டிப்போக ஆள் இல்லை, ஆங்கிலமும் எனக்கு அரைகுறை. தனியாகப் போய் என்னத்தைப் பார்ப்பது? நல்ல விதை கிடைத்தால் எடுத்து வரலாமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. அர்னால்டு ஆர்போரீட்டம் என்று பெயர். டிக்கெட் கிடையாது, விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை திறந்திருக்கும். ஆரஞ்சு லைன் ரயிலில் கடைசி நிலையமான ஃபாரஸ்ட் ஹில்ஸில் இறங்கி நடந்தே போகலாம். 1872-ல் தொடங்கியது, 281 ஏக்கர். நிலம் பாஸ்டன் நகரத்துடையது. 1882-ல் ஹார்வர்டுக்கு ஆயிரம் ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு 1 டாலர் என்று எழுதிக்கொண்டார்கள். நம் ஊர்க் குத்தகைக்காரர்கள் கேட்டால் வயிறு எரிவார்கள்!

மகன் அங்கே படித்தபோது நானும் போனேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடும் ஆசையில் பஸ்ஸி குன்றில் ஏறி இறங்கி, மறுநாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் ஒரு நடைக்கு ஆறேழு மரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹன்னிவெல் கட்டடத்தில் தொடங்குங்கள். வரைபடம் கிடைக்கும், கழிவறையும் உண்டு. அங்கிருந்து சாலையோடு போனால் மரங்கள் பெந்தம் - ஹூக்கர் வகைப்பாட்டு வரிசையில் வரும்; அதாவது, தாவரங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து அடுக்கிய பழைய வரிசை. கரும்பலகையில் எழுதிப்போட்டு, தாவரவியல் பிள்ளைகளை நான் வருடா வருடம் மனப்பாடம் செய்யவைத்த அதே வரிசை. அதற்குள்ளேயே நடந்து போகலாம் என்று எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. பிற்பாடு நட்டவை சில வரிசை தப்பியிருக்கும், விடுங்கள். முதலில் மக்னோலியா. நம் செண்பகத்தின் பங்காளி. அக்டோபரில் பூ இருக்காது. வெடித்த காயிலிருந்து சிவப்பு விதை நூலில் தொங்கும். செண்பகக் காயைப் பார்த்தவருக்கு உடனே பிடிபடும். ஊசியிலை மரங்கள் மறுகோடியில்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மரத்தில் மாட்டியிருக்கும் தகட்டில் உள்ள பெயர் லத்தீன், அது உங்கள் மகளுக்கும் தெரியாது. நீங்கள் எண்ணைப் பாருங்கள். 524-48 என்றிருந்தால், 1948-ல் தோட்டத்துப் பதிவேட்டில் ஏறிய 524-வது வரவு என்று பொருள். ஒரே வரவில் பல கன்றுகள் இருந்தால் பின்னால் ஓர் எழுத்து சேரும். எந்த ஊரிலிருந்து வந்தது என்ற விவரமும் பதிவேட்டில் உண்டு. மரத்துக்கு ரேஷன் கார்டு மாதிரி.

இந்த 524-48 யார் தெரியுமா? மெட்டாசெக்கோயா. 1941-ல் ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் புதைபடிவத்தை மட்டும் வைத்து இதற்குப் பெயர் சூட்டினார். அழிந்துபோன இனம் என்றே நினைத்திருந்தார்கள். அப்புறம் பார்த்தால், சீனாவில் உயிரோடு நின்றுகொண்டிருந்தது! அங்கிருந்து விதை திரட்ட இந்தத் தோட்டம் 250 டாலர் அனுப்பியது. 1948 ஜனவரியில் விதை வந்து சேர்ந்தது. ஊசியிலை மரமாக இருந்தும் குளிருக்கு முன் இலையெல்லாம் செம்பு நிறமாகி உதிர்ந்துவிடும். பட்டுப்போய்விட்டது என்று பரிதாபப்படாதீர்கள்.

ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. கட்சுரா என்ற ஜப்பான் மரம். இலை இதய வடிவில், வெற்றிலையைச் சின்னதாக்கினதுபோல் இருக்கும். அது மஞ்சளாகி உதிரும் நாட்களில் மரத்தடிக்குப் போனால், வெல்லப்பாகு லேசாக அடிப்பிடித்த வாசனை வரும். பக்கத்தில் யாரோ அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறார்கள் என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

விதை கூடாது அம்மா. அங்கே இலை, காய் எதையும் எடுக்க அனுமதி இல்லை. அனுமதியும் சான்றிதழும் இல்லாத விதையை நம் விமான நிலையத்திலும் விட மாட்டார்கள். கட்சுரா இலையை முகர்ந்துவிட்டு அங்கேயே போட்டுவிடுங்கள்.