மரச்சாமான் கேள்வி–பதில்: மேசையில் விழுந்த வெள்ளை வளையம்

கேள்வி: எங்கள் தாத்தா வாங்கிய தேக்கு மேசை இன்றும் கூடத்தில் இருக்கிறது. சென்ற வாரம் உறவினர் ஒருவர் அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சிப் பாத்திரத்தை அப்படியே அதன்மேல் வைத்துவிட்டார். எடுத்துப் பார்த்தால் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம். மேசை முழுவதையும் இழைத்துவிட்டு பி.யூ. (பாலியூரிதேன் என்ற செயற்கைப் பூச்சு) அடித்தால்தான் சரியாகும் என்று தச்சர் சொல்கிறார். வேறு வழி இல்லையா?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இழைக்க வேண்டாம். தடம் வெள்ளையாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே நல்ல செய்தி. சூட்டில் இளகிய பாலிஷ் படலத்துக்குள் ஈரம் புகுந்து தங்கிவிடுவதால்தான் இந்த வெண்மை தெரிகிறது. பாதிப்பு படலத்தோடு நிற்கிறது, மரம் தொடப்படவில்லை. தடம் கறுப்பாக இருந்திருந்தால் ஈரம் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று பொருள். அதற்கு வைத்தியமே வேறு.

முதலில் மேசைமேல் இருப்பது என்ன பூச்சு என்று தெரிந்துகொள்ளுங்கள். மேசையின் அடிப்பக்கத்தில், பூச்சு உள்ள ஒரு மறைவான இடத்தில், பாலிஷ்காரர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒரு நிமிடம் வையுங்கள். அந்த இடம் பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால், அது அவலரக்கை (அவல் போன்ற செதில்களாக வரும் அரக்கு) ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் பெயிண்ட் கடையில் கிடைக்கும் தின்னருக்கு இளகினால் லாக்கர் என்னும் பூச்சு. இரண்டுக்குமே அசையாவிட்டால் பி.யூ. போன்ற பூச்சாக இருக்கலாம். பழைய தேக்குச் சாமான்களில் பெரும்பாலும் பிரெஞ்சு பாலிஷையே பார்க்கிறோம். அரக்கு 75 முதல் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும் என்பதால், கொதிக்கும் கஞ்சிக்கு அது தாங்காததில் வியப்பில்லை.

பிரெஞ்சு பாலிஷ் என்று உறுதியானால், பழைய மல் வேட்டித் துணியில் சிறிது பஞ்சை வைத்துப் பொட்டலமாகக் கட்டி, சில சொட்டு ஸ்பிரிட் விட்டு, உள்ளங்கையில் நன்றாகத் தட்டுங்கள். கையில் குளிர்ச்சி மட்டும் தெரிய வேண்டும், ஈரம் தெரியக் கூடாது. அந்தப் பொட்டலத்தால் வளையத்தின்மேல், இலையிலிருந்து தூசியைத் தட்டுவது போல, நிற்காமல் ஓட்டி எடுங்கள். ஸ்பிரிட் படலத்தை லேசாக இளக்கி உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேற்றுவதால், வெண்மை உங்கள் கண்ணெதிரே மங்கும். நாலைந்து முறை ஓட்டிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி ஓட்டலாம். அவசரம் கூடாது. இளவயதில் எங்கள் வீட்டு நாற்காலியின் கைப்பிடியில் நான் ஸ்பிரிட்டைத் தாராளமாக ஊற்றித் தேய்த்தேன். பாலிஷ் முழுவதும் வெல்லப்பாகு போலத் துணியோடு வந்துவிட்டது. ஜன்னல்களைத் திறந்துவையுங்கள், பூஜை விளக்கைக்கூட அணைத்துவிடுங்கள். அந்த ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிப்பது, நஞ்சும்கூட.

அதற்குப் பிறகும் மெல்லிய நிழல் போல எஞ்சினால், மெல்லிய துணியில் சலித்த சாம்பலைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து விரல் நுனியால் மர வரியின் போக்கிலேயே தேய்த்துத் துடையுங்கள். மணலின் நெருநெருப்பு இல்லாத விபூதியும் இதற்கு உதவும். பளபளப்பு குறைந்துவிட்டால் தேன்மெழுகு தடவி மெருகேற்றினால் போதும். அந்தத் தச்சர் சொன்னபடி பி.யூ. அடித்தால் சூட்டை இதைவிட நன்றாகத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் பின்னால் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் கரைத்து ஒட்டுப்போட முடியாது. தாத்தாவின் மேசைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கல்யாணத்துக்காகக் கார்த்திகை மழையில் அவசர அவசரமாக மர பீரோவுக்கு பிரெஞ்சு பாலிஷ் போட்டோம். அன்றே பனி படர்ந்தது போல வெளுத்தது. ஒரு மாதம் ஆகியும் கை வைத்தால் ஒட்டுகிறது. கடற்கரை அருகில் இருப்பதால்தானா?
— வாசகர், ராயபுரம்

பதில்: வெளுத்ததற்குக் காற்றின் ஈரம் காரணம். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. மழைக்காலத்துக் காற்றில் இருக்கும் நீர் அதன்மேல் வியர்த்துப் படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. ஒட்டுவதற்குக் கடலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பல மாதங்களுக்கு முன் கரைத்து வைத்த அரக்காக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு, ஏனெனில் ஸ்பிரிட்டில் நெடுநாள் கிடந்த அரக்கு உலரும் தன்மையை இழந்துவிடுகிறது. வெளுப்பு மட்டும் என்றால் மேலே சொன்ன பொட்டலமே போதும். ஒட்டும் பாலிஷை எவ்வளவு நாள் காத்திருந்தாலும் காப்பாற்ற முடியாது. ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்துவிட வேண்டியதுதான்.

தை பிறந்ததும் புதிதாகப் போடுங்கள். 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அவலரக்கை இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பாருங்கள். மறுநாள் நகத்தால் கீறினாலும் பதியாமல் இருந்தால் மட்டுமே பீரோவில் தொடுங்கள். உங்கள் பகுதியில் வெயில் ஏறிய பிறகு, கடற்காற்று இறங்குவதற்கு முன், கிடைக்கும் அந்த முற்பகல் நேரமே உகந்தது. (ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வரும் இந்த அரக்கு, சிறு பூச்சிகள் புரசு, இலந்தை போன்ற மரங்களில் சுரப்பது. நம் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் அதே புரசுதான்.)

கேள்வி: ஊஞ்சல் பலகையில் இரும்புச் சங்கிலி மாட்டும் இடத்தைச் சுற்றிக் கறுப்பாகக் கறை. உப்புத்தாள் போட்டும் போகவில்லை.
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: அது அழுக்கன்று. துருவும் ஈரமும் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து உண்டாக்கிய கறை, ஆழமாக இறங்கியிருக்கும். பாலிஷை நீக்கிவிட்டு, ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் தடவி, கறை வெளுத்ததும் இரண்டு மூன்று முறை தண்ணீரால் நன்றாகத் துடையுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அந்த இடத்தில் உப்புத்தாள் போட்டால் எழும் தூசியும் தொண்டையைக் கமறும் என்பதால் மூக்கை மூடிக்கொள்ளுங்கள். பாலிஷ் போட்ட பிறகு பழைய இரும்புக் கொக்கியையே மாட்டிவிடாமல் பித்தளைக் கொக்கியாக மாற்றிவிடுங்கள்.