மூச்சிரைப்புக்குக் காரணம் இரத்தத்தில் இருக்குமா?

கேள்வி: நான்கு மாதங்களாகப் படி ஏறினாலே மூச்சு இரைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே, எக்கோ, நுரையீரல் சோதனை எல்லாம் இயல்பு. ஹீமோகுளோபின் 9.6. இந்த அளவுக்கு இவ்வளவு இரைப்பு வராது, மனப்பதற்றமாக இருக்கலாம் என்கிறார்கள். சில நாட்கள் காலைச் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது.

பதில்: நீங்கள் கடைசியாக எழுதியதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன். சிவப்பணுக்கள் இரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்தால், வெளிப்படும் ஹீமோகுளோபின் சிறுநீரைக் கருமையாக்குவதோடு, குழாய்களைத் தளர்த்தி வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடையும் பற்றிக்கொள்கிறது. அதனால் நுரையீரல் தமனிகள் இறுகி, இரத்தசோகையின் அளவுக்குப் பொருந்தாத இரைப்பும் சோர்வும் உண்டாகலாம். பி.என்.எச். (பராக்ஸிஸ்மல் நாக்டர்னல் ஹீமோகுளோபினூரியா, அதாவது இரவில் அவ்வப்போது சிறுநீரில் ஹீமோகுளோபின் வெளியேறுதல்) என்னும் அரிய நோயில் இப்படி நிகழும். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. சிறுநீர் கறுக்க வேறு காரணங்களும் உண்டு. முதலில் சிவப்பணுக்கள் உடைகின்றனவா என்று காட்டும் ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) எண்ணிக்கை, எல்.டி.எச்., ஹாப்டோகுளோபின், சிறுநீரில் ஹீமோகுளோபின் ஆகியவற்றையும், உடலின் எதிர்ப்பொருள்கள் அவற்றைத் தாக்குகின்றனவா என்று காட்டும் கூம்ப்ஸ் சோதனையையும் பார்க்கச் சொல்லுங்கள். அணுக்கள் உடைவது உறுதியாகி, கூம்ப்ஸ் எதிர்மறையாக வந்தால், பி.என்.எச். உண்டா என்று அணுக்களின் மேற்பரப்பை ஆராய்ந்து சொல்லும் ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்ய இரத்த மாதிரியே போதும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்: இந்நோயில் இரத்தம் எளிதில் உறையும். இரைப்பு திடீரெனக் கூடினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு கால் வீங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். பழைய எக்கோ இயல்பாக இருந்தது என்பது நுரையீரலில் இரத்தக்கட்டி இல்லை என்பதற்குச் சான்றாகாது.

கேள்வி: என் தங்கைக்கு பி.என்.எச். என்று உறுதியாகியிருக்கிறது. பிள்ளைகளுக்கும் வருமா? இரவில் மட்டும்தான் அணுக்கள் உடையுமா?

பதில்: வராது. எலும்பு மஜ்ஜையின் குருத்தணு ஒன்றில் பிறந்தபின் ஏற்படும் மரபணு மாற்றம் இது. பெயரில் இரவு இருப்பது பழைய கணிப்பின் மிச்சம். அணுக்கள் பகலிலும் உடைகின்றன, இரவில் சிறுநீர் செறிவதால் காலையில் நிறம் தெரிகிறது. சிவப்பணுச் சிதைவைத் தடுக்கும் எகுலிசுமாப் என்னும் மருந்து 2007 முதல் பயன்பாட்டில் உள்ளது. அதைத் தொடங்குமுன் மூளையுறை அழற்சியை உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசி அவசியம்.

கேள்வி: தோல் நோய்க்கு டாப்சோன் சாப்பிடுகிறேன். ஆக்சிமீட்டரில் 86 தான் வருகிறது. ஆக்சிஜன் வைத்தும் ஏறவில்லை. தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் இயல்பு என்றார்கள்.

பதில்: மெத்ஹீமோகுளோபின் என்ற ஐயம் வலுவாக எழுகிறது. டாப்சோன் அதை உண்டாக்கும். ஆக்சிஜனைச் சுமக்க இயலாத அந்த ஹீமோகுளோபின் மிகும்போது, கருவியின் அளவு 85ஐ ஒட்டியே நின்றுவிடும். எடுத்த இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இன்றே மருத்துவமனைக்குச் சென்று, மருந்தின் பெயரைச் சொல்லி, மெத்ஹீமோகுளோபினை அளக்கும் கோ-ஆக்சிமெட்ரி என்ற இரத்தச் சோதனை செய்யக் கேளுங்கள். இதற்கு மருந்தான மெத்திலீன் புளூ கொடுக்க நேர்ந்தால், ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ இருப்பதை முன்பே தெரிவியுங்கள். அக்குறைபாடு உள்ளவர்களுக்கு அந்த மருந்தே சிவப்பணுக்களை உடைத்துவிடும்.