'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' தொட்டியிலிருந்து மீன் வாங்கும் முன்

கேள்வி: அண்ணா, என்னிடம் நாலு அடித் தொட்டி இருக்கிறது, ஆறு மாதமாக கப்பி மட்டும் வைத்திருந்தேன். அவற்றைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு எட்டு நாளுக்கு முன் கடையில் 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று ஒட்டியிருந்த தொட்டியிலிருந்து பத்து மீனும், மகள் ஆசைப்பட்டாள் என்று இரண்டு ஏஞ்சலும் வாங்கினேன். எல்லாம் ஒன்றாக இருக்குமா என்று கேட்டுத்தான் வாங்கினேன், இருக்கும் என்றார்கள். ஏஞ்சல் இரண்டும் செத்துவிட்டன, ஒரு மஞ்சள் மீனும் போய்விட்டது. படம் அனுப்பியிருக்கிறேன். வேறு என்ன மீன் சேர்த்தால் சண்டை அடங்கும்? கடையில் 'உயிருள்ளவை திரும்பப் பெறப்படாது' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள், பணம் கேட்க முடியுமா? (சாட்ஸ்வொர்த்)

பதில்: தம்பி, இப்போதைக்கு ஒரு மீன்கூடச் சேர்க்க வேண்டாம். முதலில் இரண்டு இன மீன்களை வெளியே எடுக்க வேண்டும்.

படத்தில் வெளிர்நீல உடம்பில் கருநீலப் பட்டையோடு நாலு மீன் இருக்கின்றன, அவை ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் சிக்லிட் மீன்களில் ஒன்றான கென்யி. அதில் ஒன்றின் முதுகு மஞ்சளாக மாறத் தொடங்கியிருக்கிறது பாருங்கள், அது ஆண். கென்யியில் பெண் நீலமாகவே இருக்கும், ஆண் வளர வளர மஞ்சளாகிவிடும். இது தெரியாமல் நானும் பல வருடத்துக்கு முன் 'நீலம் அழகாக இருக்கிறதே' என்று வாங்கி வந்தேன். சில மாதத்தில் ஒன்று மஞ்சளானது, ஒரே வாரத்தில் என் எலக்ட்ரிக் யெல்லோ என்ற மஞ்சள் மீன் மூன்றையும் கொன்றுவிட்டது, தன் நிறத்தில் இருப்பவனைத்தான் முதலில் அடிக்கும். உங்கள் மஞ்சள் மீனும் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். மஞ்சளில் கறுப்புக்கோடு நீளவாக்கில் ஓடும் மீன் ஆரட்டஸ், அதுவும் அதே குணம். இந்த இரண்டு இனமும் மலாவி ஏரி மீன்களிலேயே மிக முரடானவை, ஆனால் குட்டியில் பளிச்சென்று இருப்பதால் மிக்ஸ் தொட்டியில் இவைதான் அதிகம் விற்கும்.

ஏஞ்சல் தென்னமெரிக்க மீன், மெல்லிய நீண்ட துடுப்பு, மென்மையான தண்ணீரில் வாழ்வது. மலாவி மீனுக்கு பி.எச். 7.8-க்கு மேல், கடினத்தன்மையுள்ள தண்ணீர் வேண்டும். அந்த இரண்டும் ஒரே தொட்டியில் இருக்கும் என்று சொன்னவர் உங்களுக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அடிபடும் மீனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். காலையில் விளக்கைப் போடும்போது பாருங்கள். ஹீட்டருக்குப் பின்னாலோ ஃபில்டர் குழாய்க்குப் பின்னாலோ, தண்ணீர் மட்டத்துக்கு ஒட்டி, துடுப்பை உடம்போடு மடக்கிக்கொண்டு ஒரு மீன் அசையாமல் நிற்கும். வால் ஓரம் கடித்த மாதிரி பிய்ந்திருக்கும். சாப்பாடு போட்டாலும் இறங்கி வராது. அதை அன்றே பிரித்து வேறு தொட்டியில் விட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும், நாளைக்குப் பார்க்கலாம் என்றால் செத்துத்தான் கிடக்கும்.

சரி, துணைக்கு என்ன வாங்குவது? கென்யியும் ஆரட்டஸும் போன பிறகு, உங்கள் நாலு அடித் தொட்டிக்கு நான் சொல்வது எலக்ட்ரிக் யெல்லோ, ரஸ்டி, ஏசி என்ற மூன்று இனம். மூன்றும் மலாவி ஏரி, மூன்றும் அந்தக் கூட்டத்தில் சாதுவானவை. ஒன்று மஞ்சள், ஒன்று செம்பழுப்பு கலந்த ஊதா, ஒன்று நீல ஊதாவில் மஞ்சள் வால், அதனால் ஒன்றை ஒன்று தன் இனம் என்று நினைத்து மோதாது, கலப்புக் குட்டியும் குறையும். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு, ஒரு ஆணுக்கு மூன்று பெண்ணாவது. 'ஜோடியாக எடுங்கள்' என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள், ஒரே பெண் இருந்தால் ஆண் துரத்தியே கொன்றுவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவது நல்லது. அது முடியாவிட்டால், புது மீன் விடும் அன்று கற்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கிவிட்டு விளக்கை அணைத்து விடுங்கள். பழைய மீனுக்கும் தன் இடம் எது என்று தெரியாமல் போய்விடும். கற்களை மணலின் மேல் வைக்காதீர்கள், கண்ணாடித் தரையில் வைத்துவிட்டு மணலைச் சுற்றிக் கொட்டுங்கள், இந்த மீன்கள் குழி தோண்டும், கல் சரிந்தால் கண்ணாடி போய்விடும். பதினைந்து மீனுக்கு மேல் என்றால் ஃபில்டர் பெரிதாக வேண்டும். லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்த காலத்தில் கூட்டமான தொட்டிகள்தான் முதலில் செத்தன, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பீக்காக் சிக்லிட் ஆசை வேண்டாம். அழகுதான், ஆனால் மணலில் புழு தேடித் தின்னும் அமைதியான மீன். மற்ற மூன்றுக்கும் பாசி கலந்த தீனி போதும், அதிலும் ஏசி பாசியைச் சுரண்டித் தின்னும் மீன், அதற்கு ரத்தப்புழுவும் மாட்டு இதயமும் போட்டால் வயிறு வீங்கிச் சாகும். ஒரே தொட்டியில் இரண்டு சமையல் நடக்காது.

இப்போது பணம். நம் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-வது சட்டம், 20-வது பிரிவு என்ன சொல்கிறது என்றால், எதற்காக வாங்குகிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லி, அவரும் அதற்கு ஆகும் என்று சொல்லி விற்ற பொருள் அதற்கு ஆகவில்லை என்றால், 10 வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். 'எல்லாம் ஒன்றாக இருக்குமா' என்று நீங்கள் கேட்ட அந்த ஒரு வரிதான் உங்கள் பலம். எட்டு நாள்தான் ஆகிறது, உடனே போங்கள். சுவரில் மாட்டிய பலகை சட்டம் கொடுத்த உரிமையை அழிக்காது, 51-வது பிரிவு அதற்காகவே இருக்கிறது. கடைக்காரர் 'உங்கள் தண்ணீர் சரியில்லை' என்றுதான் தொடங்குவார், அதனால் இன்றே அம்மோனியாவும் பி.எச்.சும் சோதித்து, சோதனைக் குழாயின் நிறம் தெரிய படம் எடுத்து வையுங்கள். செத்த மீனுக்குப் பணம் வாங்குவது சிரமம், அதை நேராகவே சொல்கிறேன். உயிரோடு இருக்கும் கென்யியையும் ஆரட்டஸையும் திருப்பிக் கொடுத்துப் பதிலுக்கு வேறு மீன் கேளுங்கள், பெரும்பாலான கடைகள் அதற்கு இறங்கி வரும். மறுத்தால் நுகர்வோர் பொருள் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் கொடுக்கலாம்.

அடுத்த முறை பில்லில் 'மீன் 12' என்று எழுதவிடாதீர்கள். ஒவ்வொரு இனத்தின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாத மீனை விற்கும் கடையில் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: மலாவி தொட்டியில் பாசி தின்ன ஒரு பிளெக்கோ போடலாமா? (ஃபீனிக்ஸ்)

பதில்: பிரிசில்நோஸ் என்ற சிறிய வகை பிளெக்கோ போடலாம், நுழைந்துகொள்ள ஒரு பொந்து வேண்டும். பெரிய செயில்ஃபின் பிளெக்கோ வேண்டாம், விரல் நீளத்தில் வாங்குவீர்கள், முழங்கை நீளத்துக்கு வளரும். அப்படி வளர்ந்ததும் ஆற்றில் விடுகிறார்கள், நம் குவாசுலு-நட்டாலில் என்செலெனி ஆற்றில் அது இனமாகவே பெருகிவிட்டது. என்னைக் கேட்டால் சினோடான்டிஸ் கெளுத்திதான் சரியான துணை. பாசி தின்னாது, ஆனால் அடி தாங்கும். டாங்கனிக்கா ஏரியின் புள்ளிச் சினோடான்டிஸ், சிக்லிட் முட்டையிடும்போது நடுவில் புகுந்து தன் முட்டையையும் போட்டுவிடும், தாய் சிக்லிட் அதையும் சேர்த்து வாயில் அடைகாக்கும். குயில் கெளுத்தி என்று பேர் வந்தது அதனால்தான். மூன்று நாலாக வாங்குங்கள், தனியாக இருந்தால் கல்லுக்கடியிலேயே கிடக்கும்.

கேள்வி: என் பையன் உம்கேனி ஆற்றில் சின்ன கர்ப்பர் ஒன்றைப் பிடித்து வந்தான். அதுவும் ஆப்பிரிக்க சிக்லிட்தானே, சேர்த்து விடலாமா? (வெருலம்)

பதில்: சிக்லிட்தான் அக்கா, சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். அது மொசாம்பிக் திலாப்பியாவாக இருக்கும், நம் பக்கத்து ஆறுகளின் சொந்த மீன். ஆனால் ஓர் அடிக்கு மேல் வளரும், தொட்டி மணலையெல்லாம் வாரிக் குவிக்கும், வளர்ந்ததும் ஏசியை விழுங்கப் பார்க்கும். ஆற்று மீனோடு ஒட்டுண்ணியும் வரும். உங்கள் தொட்டித் தண்ணீரில் இன்னும் விடவில்லை என்றால் பையனையே கூட்டிப்போய், பிடித்த அதே இடத்தில் விடச் சொல்லுங்கள். தொட்டியில் விட்டுவிட்டீர்கள் என்றால் இனி ஆற்றுக்குத் திருப்பக் கூடாது, தனித் தொட்டியில் வைத்துத்தான் வளர்க்க வேண்டும்.