அனுபவம் இருக்கிறது, சான்றிதழ் இல்லை: பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன்

கேள்வி: பொறியியல் பட்டதாரி நான். தொழிற்சாலைகளில் இயந்திரங்களை நிறுவித் தரும் நிறுவனத்தில் எட்டு வருடமாகத் தளப் பொறியாளராக இருக்கிறேன். அஸ்திவாரம் போடுபவர், மின் ஒப்பந்தக்காரர், இயந்திரம் அனுப்புபவர் என எல்லாரையும் ஒருங்கிணைப்பது நான்தான், ஆனால் என் பதவிக்குப் பெயர் ப்ராஜெக்ட் மேனேஜர் இல்லை. சமீபத்தில் பி.எம்.பி. என்ற ப்ராஜெக்ட் மேலாண்மைச் சான்றிதழும், வேலை அட்டவணை போடும் மைக்ரோசாப்ட் ப்ராஜெக்ட் மென்பொருளில் பழக்கமும் உள்ள ஒருவரை எனக்கு மேலே நியமித்துவிட்டார்கள். அவர் தளத்தில் வேலை பார்த்ததே இல்லை. ஒரு பயிற்சி மையத்தை அணுகினேன். மென்பொருளையும் சான்றிதழையும் சேர்த்தே முடித்துத் தருகிறோம், அனுபவ விவரத்தை நாங்களே எழுதிவிடுவோம், தேர்ச்சிக்கு உத்தரவாதம் என்கிறார்கள். சேரலாமா? அனுபவம் மட்டும் போதாதா?

பதில்: சேராதீர்கள். "அனுபவ விவரத்தை நாங்களே எழுதுவோம்" என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகு அந்தப் பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிட்டு, அனுபவமா கருவியா என்ற பெரிய கேள்விக்கு வருகிறேன்.

பி.எம்.பி. சான்றிதழைத் தருவது அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட். எந்தப் பயிற்சி மையத்தாலும் அதைத் தர முடியாது. விண்ணப்பிக்க 35 மணி நேரம் முறையான வகுப்பில் படித்திருக்க வேண்டும். அதற்கான சான்றுதான் மையத்தின் கையில் இருப்பது. வீட்டில் உட்கார்ந்து நாமாகப் புத்தகம் படித்த நேரம் அந்தக் கணக்கில் சேராது. இணையவழி வகுப்பு, முடிவில் ஒரு மதிப்பீட்டுத் தேர்வு இருந்தால், சேரும். ஆக, மிகப் பெரிய கட்டணம் கேட்கும் இடத்தில்தான் படிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 180 கேள்விகள் கொண்ட தேர்வை எழுதப் போவது நீங்கள். அதற்கு இன்னொருவர் எப்படி உத்தரவாதம் தர முடியும்? எழுத்தில் கேட்டுப் பாருங்கள். தோற்றால் அதே வகுப்பில் இன்னொரு முறை உட்காரலாம் என்பதுதான் பெரும்பாலும் அந்த உத்தரவாதத்தின் உள்ளடக்கமாக இருக்கும்.

அடுத்தது உங்கள் மனதில் உறுத்தும் பதவிப் பெயர். நான்கு ஆண்டுப் பட்டம் இருப்பவரிடம் ப்ராஜெக்ட்டை முன்நின்று நடத்திய 36 மாத அனுபவம் கேட்கிறார்கள். பள்ளிப் படிப்போடு நின்றவரிடம் 60 மாதம். நடத்தியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. விசிட்டிங் கார்டில் ப்ராஜெக்ட் மேனேஜர் என்று அச்சடித்திருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. வேலைகளை வரிசைப்படுத்தியது, ஆட்களைப் பிரித்துக் கொடுத்தது, தாமதம் வந்தபோது மாற்று வழி முடிவு செய்தது, வாடிக்கையாளரிடம் ஒப்படைத்தது: இதையெல்லாம் செய்தவர் நீங்கள் என்றால் தகுதி உங்களுக்கு உண்டு. மாதக் கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு தளங்களை ஆறு மாதம் பார்த்திருந்தால் அது 6 மாதம்தான், 12 ஆகாது.

இந்த விவரத்தைத்தான் அந்த மையம் எழுதித் தருகிறேன் என்கிறது. விண்ணப்பங்களில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்துத் தணிக்கை செய்வார்கள். உங்களுடையது மாட்டினால் பட்டச் சான்றின் நகல், வகுப்புச் சான்று, அப்புறம் நீங்கள் குறிப்பிட்ட ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் அதை அறிந்த மேலாளரின் கையொப்பம் கேட்பார்கள். மையத்தில் யாரோ ஒருவர் நூறு பேருக்கும் பொதுவாக எழுதி வைத்திருக்கும் பத்தியை உங்கள் பழைய மேலாளர் முன்னால் வைத்தால் அவர் என்ன சொல்வார்? எட்டு வருட உண்மையான அனுபவம் இருக்கும் ஒருவர், அந்த அனுபவத்தையே பொய்யாக எழுதி வாங்கிக் காசும் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உங்களைப் போன்றவர்களின் பதற்றத்தில் பிழைக்கிறது இந்தத் தொழில். பதற்றத்தை உண்டாக்கி வைத்திருப்பதோ, சான்றிதழ் என்ற ஒரு சொல் இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காத ஆளெடுப்பு முறை.

சரி, கருவிக்கு வருவோம். உங்களுக்கு மேலே வந்திருப்பவர் திரையில் காட்டும் அந்த நீளநீளப் பட்டைகள் கேன்ட் சார்ட், எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று காட்டும் படம். அந்தப் படத்தைப் பார்த்து மிரள வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த வேலையையே எடுத்துக்கொள்வோம். இயந்திர அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. மென்பொருளைப் பொறுத்தவரை அந்த வேலை முடிந்தது, அடுத்த நாளே இயந்திரத்தை ஏற்றி வைக்கலாம். கான்கிரீட் இறுக வேண்டும், அதன் பலத்தை வழக்கமாக 28ஆம் நாளில்தான் அளக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் வடிவமைப்பாளர் 28 நாள் கழித்துத்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், நீங்களும் மைக்ரோசாப்ட் ப்ராஜெக்ட்டில் இரண்டு வேலைகளுக்கும் நடுவே 28 நாள் இடைவெளி கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 28 வேலை நாள் என்று எடுத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் 5 வாரமும் 3 நாளும் ஆகிவிடும். கான்கிரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. 28 என்ற எண்ணுக்குப் பின்னால் வரும் 'டி' எழுத்துக்கு முன்னே ஓர் 'இ' சேர்த்தால்தான் விடுமுறையையும் சேர்த்து எண்ணும். கருவி மட்டும் தெரிந்தவருக்கு இடைவெளி வேண்டும் என்பதே தெரியாது. அனுபவம் மட்டும் உள்ளவருக்கு, தான் சொன்ன 28 எப்படி ஆறு வாரத்தை நெருங்கியது என்று புரியாது.

இப்படி அட்டவணை போடும் முறை பிறந்த கதையும் இதுதான். கிரிட்டிகல் பாத் என்று சொல்கிறோமே, எந்த வேலைச் சங்கிலி தாமதமானால் மொத்தமும் தாமதமாகுமோ அதைக் கண்டுபிடிக்கும் கணக்கு, அதை 1957 வாக்கில் உருவாக்கியவர்கள் இருவர். ட்யூபான்ட் நிறுவனத்தில் ஆலைகளின் வேலையை அறிந்த பொறியாளர் மார்கன் வாக்கர், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் கணிதவியலாளர் ஜேம்ஸ் கெல்லி. வேலை தெரிந்தவரும் கணக்குத் தெரிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்த காரியம். இன்று அவர்களைப் பிரித்து, ஒருவருக்குக் கீழே ஒருவரைப் போட்டு, யார் பெரியவர் என்று அடித்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்க்கிற அட்டவணைகளில் எல்லாம் இது இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் தொடக்கத் தேதியைக் கையால் தட்டுவது. தானாகக் கணக்கிடும் முறையில் இருக்கும்போது மைக்ரோசாப்ட் ப்ராஜெக்ட்டில் தொடக்கத் தேதியைத் தட்டினால், 'இந்தத் தேதிக்கு முன் தொடங்கக் கூடாது' என்ற கட்டுப்பாடு அந்த வேலையின் மேல் உட்கார்ந்துவிடும். முந்தைய வேலை தாமதமானால் அடுத்தது பின்னால் தள்ளிப்போகும். ஆனால் முந்தையது சீக்கிரம் முடிந்தால் அடுத்தது முன்னால் வராது. மிச்சப்பட்ட நாள் யார் கண்ணிலும் படாமல் தொலைந்துபோகும். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, ஒவ்வொன்றும் எத்தனை நாள் என்பதை மட்டும் கொடுத்துவிட்டு, தேதியை மென்பொருளிடம் விட்டுவிடுங்கள்.

இதுவரை படித்ததும் அனுபவம்தான் எல்லாம், கருவி அதன் எடுபிடி என்று தோன்றியிருக்கும். முக்கால்வாசி அது சரி. ஆனால் ஓரிடத்தில் அனுபவசாலிகள் தொடர்ந்து ஏமாறுகிறார்கள், அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் இயந்திரத்தை நிறுவத் தொடங்க நான்கு விஷயங்கள் தயாராக வேண்டும்: அஸ்திவாரம், இயந்திரம், மின் இணைப்பு, அனுமதி. நான்கையும் தனித்தனியே யோசிக்கிறீர்கள். ஒவ்வொன்றும் சொன்ன தேதிக்கு வந்துவிட 80 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்று உங்கள் அனுபவம் சொல்கிறது, அது சரியாகவும் இருக்கிறது. அப்படியானால் நிறுவும் வேலை குறித்த நாளில் தொடங்க எவ்வளவு வாய்ப்பு? கேட்டால் பெரும்பாலோர் 80 என்பார்கள், கவனமானவர்கள் 70 என்பார்கள். நான்கும் ஒன்றையொன்று சாராதவை என்றால் விடை 41 சதவீதம். 0.8ஐ நான்கு முறை பெருக்கினால் அவ்வளவுதான் வரும். ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது எல்லாம் நன்றாக இருக்கிறது, மொத்தத்தில் தாமதமாகும் வாய்ப்புதான் அதிகம்! பல வேலைகள் ஒரே இடத்தில் வந்து கூடும்போது மனக்கணக்கு இப்படித் தவறும், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் தவறும். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கிடைத்துவிடுவதால் பாடமும் ஏறாது. போன முறை மின் இணைப்பு, இந்த முறை லாரி. ஆள் மாறிக்கொண்டே இருக்க, கூடும் இடத்தில் இருக்கும் கோளாறு அப்படியே இருக்கும். அங்கே கொஞ்சம் கூடுதல் நாள் வைக்க வேண்டும் என்பதைப் படம் போட்டுப் பார்த்தால்தான் மற்றவர்களிடமும் காட்ட முடியும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, ஒரு வேலைக்கு ஒரே எண் சொல்வது. முடிந்த வேலைகளை மனம் அழகாக்கித்தான் நினைவில் வைக்கும். எத்தனை முறை தாமதமானாலும் அடுத்த முறை சீக்கிரம் முடியும் என்று நம்பும் இந்தப் பழக்கத்தை உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே விளக்கியிருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958இல் வந்த பெர்ட் என்ற திட்டமிடும் முறை இதற்கு ஓர் எளிய வழி தருகிறது. மூன்று எண் சொல்லுங்கள். இயந்திரம் வந்து சேர எல்லாம் கூடி வந்தால் 4 வாரம், வழக்கமாக 6, மோசமாகப் போனால் 14. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 7 வாரம். எண்ணை விடவும் முக்கியம், 14 என்று சொல்லும்போது ஏன் 14 என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். அந்த விளக்கம்தான் உங்கள் எட்டு வருடம். கருவி அதை உங்கள் வாயிலிருந்து வரவழைக்கிறது.

இதையெல்லாம் சொன்னாலும், முடிவுத் தேதியை முதலில் அறிவித்துவிட்டு அதற்கேற்ப அட்டவணையை மடக்கச் சொல்லும் நிறுவனத்தில் எந்த மென்பொருளும் உதவாது. வாராவாரம் 'எத்தனை சதவீதம் முடிந்தது' என்று கேட்கும் அறிக்கையும் இந்த வகைதான். 90 சதவீதம் என்று எழுதிய வேலை அடுத்த வாரமும் 90இல் நிற்கும், அதற்கடுத்த வாரமும் நிற்கும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அறிக்கையில் அந்தக் கட்டம் 'எல்லாம் சரி' என்று பச்சையாக இருக்கிறது. உங்கள் பகுதியில் மட்டுமாவது சதவீதத்தை விட்டுவிடுங்கள். வேலைகளைச் சிறியதாக வெட்டி, முடிந்தது அல்லது முடியவில்லை என்று மட்டும் குறியுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. நீங்கள் முடித்த ஒரு தளத்தை எடுத்துக்கொண்டு, காகிதத்தில், எதற்குப் பின் எது என்று அம்புக்குறி போட்டு வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அன்று சொன்ன நாள், உண்மையில் ஆன நாள் இரண்டையும் எழுதுங்கள். பழைய தளக் குறிப்பேட்டையும் மின்னஞ்சல்களையும் புரட்டிப் பாருங்கள், நினைவை நம்பாதீர்கள். அப்புறம் அதே படத்தை மென்பொருளில் ஏற்றச் சொல்லிப் புதிய மேலாளரிடமே உதவி கேளுங்கள். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கு மென்பொருளின் அடிப்படை வந்துவிடும். அஸ்திவாரத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியவரும். எந்த மென்பொருள் என்பதில் நேரத்தைப் போக்க வேண்டாம், உங்கள் நிறுவனம் எதை வைத்திருக்கிறதோ அதுதான்.

அதற்குப் பிறகு சான்றிதழுக்குப் படியுங்கள், படிக்கத்தான் வேண்டும். சந்தை அதைக் கேட்கும்வரை அது இல்லாததற்கு நீங்கள் விலை கொடுக்க வேண்டியிருக்கும். கிடைத்த பின் 3 ஆண்டுக்கு ஒரு முறை 60 மணி நேரக் கற்றலைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள். விண்ணப்பத்தில் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டையும் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், உங்கள் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எழுதுவது சுலபம். அனுப்பும் முன், குறிப்பிட்ட ஒவ்வொரு மேலாளருக்கும் அந்தப் பத்தியை அனுப்பிச் சரிதானா என்று கேட்டு, தற்போதைய தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் வாங்கி வைத்துவிடுங்கள். தணிக்கைக் கடிதம் வந்த பிறகு, வேலை மாறிப்போன மேலாளரைத் தேடிக் கையொப்பத்துக்கு அலைய வேண்டியிருக்காது.