அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய காசுகள்: விலை பேசுவதற்கு முன்

கேள்வி: என் அப்பா சேர்த்து வைத்த பழைய காசுகள் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. வெள்ளி ரூபாய் மட்டும் 62. காது வைத்த தங்கக் காசு இரண்டு, ஒரு பாட்டில் நிறையச் செப்புக் காசு, ஓட்டைக் காலணாக்கள், ராமர் பட்டாபிஷேகம் போட்ட காசு ஒன்று. தெரிந்த நகைக்கடைக்காரர், “எடை போட்டு மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார். யூடியூபில் ஒரு காசே பல லட்சம் போகும் என்கிறார்கள். நாங்கள் மூன்று பேர். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். சரியான மதிப்பை எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள், இன்னும் எதையும் கழுவவில்லையே? புளி, விபூதி, பற்பசை, எலுமிச்சை எதுவும் வேண்டாம். ஒருவர் 1911ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். “உங்களுக்குக் காட்டணுமேன்னு புளி போட்டுத் தேய்ச்சேன் சார்” என்றார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ராஜா முகம் முழுக்கக் கீறல். சேகரிப்பாளர் ஆசைப்பட்டு வாங்கும் காசு, அரை மணி நேரத்தில் வெறும் வெள்ளி வில்லையாகிவிட்டது. கறுத்த காசு கறுத்தபடியே இருக்கட்டும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது.

அடுத்து, காசு பழையது என்பதாலேயே விலை கூடிவிடாது. உலோகம் எவ்வளவு, எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, இந்த மூன்றும்தான் விலை. இதை உங்கள் 62 ரூபாயை வைத்தே பார்த்துவிடலாம்.

ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். 1947 ஆண்டு ரூபாய்கள் ஒட்டிக்கொள்ளும். அவை நிக்கல், வெள்ளியே கிடையாது. அவற்றின் பின்பக்கம் புலி நடந்துபோகும், பார்க்க அழகு, அவ்வளவுதான். ஒட்டாதவற்றை ஆண்டு பார்த்து இரண்டாகப் பிரியுங்கள். 1939 வரை வந்தவை 91.7 சதவீத வெள்ளி. போர்க்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1940 முதல் 1945 வரை பாதிக்குப் பாதி கலப்பு. இரண்டுக்கும் எடை ஒன்றுதான், ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பழைய ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம், போர்க்கால ரூபாயில் 5.83 கிராம்.

எடை போட்டு வாங்குகிறவரிடம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 50 பழையவை, 12 போர்க்காலத்தவை என்று வைத்துக்கொள்வோம். சுத்த வெள்ளி சுமார் 604 கிராம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி, “பழைய வெள்ளி, பாதி டச்தான் வரும்” என்று, அதாவது எடையில் பாதிதான் சுத்த வெள்ளி என்று, ஒருவர் சொன்னால் அது 361 கிராமாகச் சுருங்கிவிடும். அன்றைய வெள்ளி விலையால் 604ஐப் பெருக்கினால் வருவது உங்கள் அடிமட்ட விலை. தேய்மானத்துக்கும் உருக்குக் கூலிக்கும் கொஞ்சம் கழிப்பார்கள், அது நியாயம். அதற்கு மேல் கழித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடிமட்ட விலைக்கு மேலே எவ்வளவு போகும் என்பதற்கு ஆண்டையும் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். 1862 என்று போட்ட ராணி ரூபாயைப் பார்த்ததும் எல்லோரும் பரவசப்படுகிறார்கள். அந்த ஆண்டெண்ணை மாற்றாமலே 1873 வரை அச்சடித்தார்கள், ஆகவே அது ஏராளம். பின்பக்கம் இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளை எண்ணித்தான் அதில் எது அரிது என்று சொல்ல முடியும். 1911 வேறு கதை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று மக்கள் முகம் சுளிக்க, அச்சடித்த சுமார் 94 லட்சத்தில் 7 லட்சம் அளவுக்கே வெளியே வந்தது, மீதியை உருக்கினார்கள். அடுத்த ஆண்டே யானைக்குத் தும்பிக்கையை நீட்டிவிட்டார்கள்! 1939 ரூபாய் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். மெய்யாகவே அரியது, அதனாலேயே போலியும் அதிகம். 1938இன் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்கியிருக்கிறார்களா என்று லென்ஸில் பார்க்காமல் நானே வாய் திறக்கமாட்டேன்.

தேய்மானம் பார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. காசில் மேடான இடம்தான் முதலில் மழுங்கும். விக்டோரியா என்றால் புருவமும் காதோரக் கூந்தலும், ஐந்தாம் ஜார்ஜ் என்றால் கிரீடமும் அங்கியில் இருக்கும் யானையும். மயிரிழை தனித்தனியாகத் தெரிந்தால் ஒரு விலை. வழவழவென்று இருந்தால் அதே ஆண்டுக் காசு வெள்ளி விலைக்குத்தான் போகும்.

தங்கக் காசு பெரும்பாலும் சாவரின் என்ற பிரிட்டிஷ் தங்கக் காசாகத்தான் இருக்கும். நாம் “ஒரு பவுன்” என்று சொல்வதே இந்தக் காசிலிருந்து வந்த பேச்சு. சரியான எடை 7.98 கிராம், 22 காரட். காசுமாலையில் கோக்கக் காது ஒட்டியிருப்பதால் எடை கூடத்தான் காட்டும். பற்றவைத்த தடம் விழுந்துவிட்டதால் சேகரிப்பு மதிப்பு போய்விட்டது, தங்க விலைதான். காதைப் பிடுங்கப் பார்க்காதீர்கள், அதனால் எதுவும் திரும்பாது. பம்பாயில் 1918இல் மட்டும் சாவரின் அடித்தார்கள். ஆண்டெண்ணுக்கு மேலே ஆங்கில ‘ஐ’ எழுத்து சின்னதாக இருக்கும். இருந்தால் குறித்து வையுங்கள்.

செப்புப் பாட்டிலில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். கும்பகோணம் பக்கம் என்பதால் இராஜராஜன் காசு இல்லாமல் இருக்காது. ஒரு பக்கம் நின்ற மனிதன், மறுபக்கம் உட்கார்ந்த மனிதன், பக்கத்தில் நாகரி எழுத்து. ஆயிரம் வருஷத்துக் காசு என்றாலும் ஏராளமாகக் கிடைப்பதால் விலை சொற்பம். நாயக்கர் காசு, கம்பெனிக் காசு எல்லாம் கலந்திருக்கும். இந்தப் பாட்டிலை மட்டும் விவரம் தெரிந்தவர் பார்க்காமல் விற்காதீர்கள், எடைக்கு ஒருபோதும் போடாதீர்கள். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா சில்லறை விலைதான்.

ராமர் காசில் 1818 என்றும் ஈஸ்ட் இந்தியா கம்பெனி என்றும் ‘அரையணா’ என்றும் எழுதியிருக்கிறதா? அப்படியானால் அது காசே இல்லை, பிற்காலத்தில் செய்த பித்தளை வில்லை. சாமி படம் போட்டுக் கம்பெனி அரையணா அடிக்கவே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது, கோடிக்கு வாங்க ஆள் இருக்கிறது என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். பூஜையறையில் வைத்துக்கொள்ள நல்ல பொருள்.

யூடியூப் லட்சங்களும் இதே ரகம்தான். வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்கு லட்சம் என்று விளம்பரம் போட்டு, பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி என்று உங்களிடமே பணம் கறப்பார்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கமிஷன் கேட்கும் கும்பலைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. ஒருவர் கேட்கும் விலை விலையாகாது. வாங்கியவர் கொடுத்ததுதான் விலை. மும்பையிலும் பெங்களூரிலும் உள்ள நாணய ஏல நிறுவனங்கள் ஏலம் முடிந்த விலையைத் தங்கள் தளத்தில் போட்டுவிடும். உங்கள் காசின் ஆண்டு, மின்ட் குறி (எந்த நாணயச் சாலையில் அடித்தது என்ற அடையாளம்), தேய்மானம் மூன்றும் ஒத்துப்போகும் காசு எவ்வளவுக்குப் போனது என்று தேடுங்கள். ஏல நிறுவனத்தின் கமிஷன் அதில் கழியும்; வியாபாரி தன் லாபத்தை வைத்து இன்னும் குறைவாகத்தான் கேட்பார். அடையாளம் காண நுமிஸ்டா என்ற இலவசத் தளம் போதும்.

ஆக, ஒரு நோட்டு எடுத்து ஒவ்வொரு வெள்ளி ரூபாய்க்கும் ஆண்டு, எடை, இரண்டு பக்கப் படம் மூன்றையும் பதிந்துவிடுங்கள். ஜன்னலோர வெளிச்சத்தில் போனில் எடுத்தால் போதும். இரண்டு வியாபாரிகளிடம் படத்தை மட்டும் காட்டி விலை கேளுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகவேண்டாம். என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரமிடும் நிறுவனங்களுக்கு அனுப்பலாமா என்று கேட்பீர்கள். 1939 மாதிரி ஏதாவது அகப்பட்டால் அனுப்பலாம், மற்றதுக்குக் கட்டணமே காசின் விலையைத் தாண்டிவிடும்.

தம்பி தன் பங்கைப் பையில் போட்டுக்கொண்டு சிங்கப்பூருக்குக் கிளம்பக் கூடாது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வயதான நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1911 ரூபாயும் அதில் சேரும். அவர் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடுங்கள். அப்பா நிலத்தில் தோண்டும்போது கிடைத்தது என்று ஏதாவது தனியாக முடிந்து வைத்திருந்தால் அது புதையல் சட்டத்தில் வரும், கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டியது, மற்றவற்றோடு கலக்காதீர்கள்.

விற்கும்போது ரசீது கேட்டு வாங்குங்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது, வங்கி வழியாகவே வரட்டும். வாரிசாக வந்ததற்கு வரி இல்லை. விற்ற லாபத்துக்கு உண்டா என்பதை, தங்கக் காசைத் தனியாகக் குறிப்பிட்டு, உங்கள் ஆடிட்டரிடம் விற்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.