'குவீன்' என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி இந்தியாவில் படித்தவரா? அவர் பாட்டில் கூட்டமாய்க் கேட்கும் குரல்கள் யாருடையவை?

ஆமாம், பள்ளிப்படிப்பு மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனி விடுதிப் பள்ளியில். 1946-இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் பிறந்த பார்சிக்காரர். இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. பள்ளி பேண்டான 'ஹெக்டிக்ஸ்'-இல் அவர் வாசித்தது பியானோ. முன்னணிப் பாடகர் வேறொருவர். சான்சிபாரின் 1964 புரட்சியால் குடும்பம் இங்கிலாந்து போனது, 1970-இல் 'குவீன்' உருவானது.

1975-இல் வந்த குவீனின் 'பொஹீமியன் ராப்சடி' பாட்டில் கேட்கும் அந்தக் கூட்டம் மூன்றே பேர்தான்: மெர்குரி, கிதார் கலைஞர் பிரையன் மே, டிரம்மர் ரோஜர் டெய்லர். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிப் பதிந்தார்கள். டேப்பில் தனித்தனியாகப் பதியக்கூடிய 24 டிராக்கும் (தடங்களும்) நிரம்பியதும், பலவற்றை ஒன்றாகக் கலந்து வேறு டிராக்குக்கு மாற்றி இடம் பிடித்தார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் இரைச்சல் கொஞ்சம் ஏறும். கடைசியில் டேப்பின் காந்தப்பூச்சே தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்ததாம்!

மேடையில் இது நடக்காது. அதனால் அந்தக் கூட்டக்குரல் பகுதிக்கு டேப்பை ஓடவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். நேர்மையான தீர்வு என்றே சொல்வேன். குரல்நாண் முடிச்சுத் தொல்லை இருந்ததால் மெர்குரி நேரடி நிகழ்ச்சிகளில் உச்ச சுரங்களைப் பலமுறை தாழ்த்திப் பாடுவார். மேல் ஸ்தாயியை டெய்லர் பார்த்துக்கொள்வார். பழைய நேரடிப் பதிவுகளில் கவனித்தால் பிடிபடும்.

எய்ட்ஸ் இருப்பதை 1991 நவம்பர் 23-இல் அறிவித்தார். மறுநாள் இறந்தார், வயது 45.